நிறைமாதத்தில் ஹரிகேன் வந்தால், பிள்ளைகளோடு கிளம்புவது எப்படி?

2017 செப்டம்பரில் இர்மா என்ற ஹரிகேன், அதாவது கடும் சூறாவளி, வந்தபோது ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் டாம்பாவில் இருந்தோம். எனக்கு 35 வாரம், கூடவே 4 வயதிலும் 2 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மயாமி பக்கம்தான் போகும் என்று முதலில் சொன்னார்கள், அங்கிருந்து எங்கள் பக்கம் தப்பி வந்தவர்கள்கூட உண்டு, கடைசியில் அது மேற்கே விலகி எங்களை நோக்கியே வந்தது. ஃபுளோரிடாவுக்குப் புதிதாக வந்திருக்கும் கர்ப்பிணிப் பெண்களுக்காக நான் செய்ததையும் செய்யத் தவறியதையும் வரிசையாக எழுதுகிறேன்.

1. சோன் பாருங்கள்

உங்கள் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) இணையதளத்தில் முகவரியைப் போட்டால் ஏ முதல் ஈ வரை ஓர் எழுத்து வரும், அதுதான் யார் முதலில் வெளியேற வேண்டும் என்று சொல்லும் சோன், சில வீடுகளுக்கு எதுவும் வராது. இது காற்றின் கணக்கு இல்லை, கடல் எவ்வளவு தூரம் ஊருக்குள் ஏறும் என்ற கணக்கு. ஏ சோன் என்றால் முதலில் கிளம்ப வேண்டியவர்கள். மொபைல் ஹோமில் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் இலேசான வீடு) இருப்பவர்கள் எந்த சோனாக இருந்தாலும் கிளம்ப வேண்டும். சோனே இல்லாத உறுதியான கான்கிரீட் வீடு என்றால் பெரும்பாலும் வீட்டில் இருப்பதே நல்லது. 2005இல் ரீட்டா என்ற ஹரிகேனுக்குப் பயந்து டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் சுமார் 25 லட்சம் பேர் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தார்கள், பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்துவிட்டு வெயிலில் மணிக்கணக்கில் நின்றார்கள், புயலில் இறந்தவர்களைவிட அந்தப் பயணத்தில் இறந்தவர்கள் அதிகம். அதனால் தூரமாக ஓட வேண்டாம், தண்ணீர் ஏறாத இடம் வரை போனால் போதும்.

2. டாக்டரைக் கூப்பிடுங்கள்

பயணம் செய்யலாமா, போகிற ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசி வாரங்களில் இருப்பவர்களைப் புயல் முடியும்வரை தங்க வைக்கும் ஆஸ்பத்திரிகளும் உண்டு, முன்கூட்டியே பதிய வேண்டியிருக்கும். இரத்த வகை, பிரசவத் தேதி, ஸ்கேன், மருந்து ஒவ்வாமை, முந்தைய சிசேரியன் விவரம் எல்லாவற்றையும் அச்செடுத்து ஜிப்லாக் பையில் போட்டு, போனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. எப்போது கிளம்புவது?

ஹரிகேன் வாட்ச் என்பது புயல் வரக்கூடும் என்ற அறிவிப்பு, பலத்த காற்று தொடங்குவதற்கு ஏறக்குறைய 48 மணி நேரம் முன்பு வரும், வார்னிங் என்பது வரப்போகிறது என்ற எச்சரிக்கை, 36 மணி நேரம் முன்பு. நமக்கு வாட்ச் வந்ததும் கிளம்பும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் ஒருநாள் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு, சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குத்தான் கிளம்பினோம், அதற்குள் எங்கள் பக்கம் மூன்று பெட்ரோல் பங்க்குகளில் பெட்ரோல் இல்லை. ஹரிகேன் காலமான ஜூன் முதல் நவம்பர் வரை டேங்க் பாதிக்குக் கீழே போகவே விடாதீர்கள்.

4. காரில்

சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் வர வேண்டும், மேல்பட்டை மார்புக்கு நடுவே. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இறங்கி நடங்கள், கர்ப்பத்தில் காலில் இரத்தம் கட்டும் ஆபத்து கூடுதல். குழந்தையின் பிளாஸ்டிக் டாய்லெட்டை டிக்கியில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். நாங்கள் அடியில் வைத்துவிட்டோம், சின்னவன் "அம்மா, வருது, வருது" என்று அழ, என் கணவர் சாலையோரப் புல்லில் பெட்டிகளை எல்லாம் இறக்கிவைத்துத் தேடினார், நான் துண்டைப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றேன். சாப்பாட்டுக்குப் புளிசாதமும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கைகொடுத்தன.

அப்புறம் தண்ணீர். பாத்ரூம் கிடைக்காதே என்று நான் குடிக்காமல் வந்தேன், லேக்லேண்ட் தாண்டும்போது வயிறு கல் மாதிரி இறுக ஆரம்பித்தது. நர்ஸைக் கூப்பிட்டேன், இரண்டு பாட்டில் குடித்து இடதுபக்கம் சாய்ந்து படுத்து எத்தனை முறை இறுகுகிறது என்று எண்ணச் சொன்னார், அரைமணியில் அடங்கியது. உடம்பில் நீர் குறைந்தாலே இப்படி இறுகும். 37 வாரம் ஆகாதவர்களுக்கு விட்டுவிட்டு இறுகினால் உடனே அழையுங்கள். ஆனவர்களுக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை, 1 நிமிடம் நீடித்து, 1 மணி நேரம் தொடர்ந்தால் ஆஸ்பத்திரி. நீர்க்குடம் உடைந்தால், இரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால் எந்த வாரமானாலும் காத்திருக்க வேண்டாம்.

5. போய்ச் சேர்ந்த பிறகு

ஷெல்டர், அதாவது புயல் நேரத்துப் பொதுத் தங்குமிடம், என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான், கட்டில் இருக்காது, காற்றடைத்த மெத்தை கொண்டு போங்கள். பிள்ளைகள் கையில் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். நாங்கள் ஆர்லாண்டோவில் தோழி வீட்டில் தங்கினோம், அங்கேயும் கரண்ட் போனது. ஜெனரேட்டரை வராண்டாவிலோ கராஜிலோ ஓட்டவே கூடாது, வீட்டை விட்டு 20 அடியாவது தள்ளி வையுங்கள், அந்தப் புகையில் இருக்கும் வாசனையே தெரியாத விஷவாயு உங்களையும் வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும்.

திரும்பும் முன், வீட்டில் கரண்ட் வந்துவிட்டதா, உங்கள் ஆஸ்பத்திரி திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.