ஸ்விங் பிளேனைச் சரிசெய்யப் போய் ஆட்டத்தைக் கெடுக்கும் தவறுகள்

கோல்ஃப் ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) யாருக்காவது பந்து வலப்பக்கம் வளைந்து போனால் போதும், பக்கத்தில் நிற்பவர் உடனே சொல்லிவிடுவார்: "பிளேன் சரியில்லை சார்." பெரும்பாலும் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். அதற்கு அப்புறம் நடக்கும் வைத்தியம்தான் பிரச்சினை. கொஞ்சம் கோணலாக இருந்த ஸ்விங், நாலு வாரத் திருத்தத்தில் பந்தைத் தொடவே முடியாத நிலைக்குப் போய்விடும். (கீழே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படிக்கவும்.)

பந்து தரையில் கிடக்கிறது, நாம் அதற்குப் பக்கவாட்டில் குனிந்து நிற்கிறோம். அதனால் கிளப் (பந்தடிக்கும் மட்டை) சுற்றும் வட்டம் சாய்ந்துதான் இருந்தாக வேண்டும். அந்த வட்டத்தின் தளத்தைத்தான் பிளேன் என்கிறோம். சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது ஒரு கேள்வி, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. "பிளேன் ஸ்டீப்பாக (செங்குத்தாக) இருக்கிறது" என்றால் சாய்வைப் பற்றிய பேச்சு. "வெளியிலிருந்து உள்ளே வருகிறது" என்றால், அதாவது கிளப் பந்துக்கு அப்பாலிருந்து உடம்புப் பக்கமாக வெட்டி வருகிறது என்றால், திசையைப் பற்றிய பேச்சு. ஒன்றுக்கு மருந்து கேட்டு இன்னொன்றுக்கு வாங்கி வருபவர்கள் ஏராளம்.

அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் 1957-இல் எழுதிய பாடங்களில் வந்த கண்ணாடிப் பலகைப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பந்திலிருந்து தோள் வரை சாய்ந்த கண்ணாடி, நடுவில் ஓட்டை, அதன் வழியே தலை. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கண்ணாடியின் மேலேயே கிளப் உரசிக்கொண்டு போக வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஹோகன் அப்படிச் சொல்லவில்லை. பேக்ஸ்விங்கில், அதாவது கிளப்பை மேலே கொண்டுபோகும்போது, கைகள் அந்தக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு மேலே போகக் கூடாது, அவ்வளவுதான். அது ஓர் எல்லை. டவுன்ஸ்விங்குக்கு (கீழிறங்கும் வீச்சுக்கு) அவர் வேறொரு பிளேன் சொன்னார்: சாய்வு இன்னும் படுக்கையானது, இலக்குக்குச் சற்று வலப்பக்கம் பார்த்து நிற்பது. போகும் வழியும் வரும் வழியும் அவரிடமே ஒன்றில்லை. மேலே போன தடத்திலேயே கிளப்பை இறக்க முயல்பவர், ஹோகன் கேட்காத ஒன்றுக்காக மல்லுக்கட்டுகிறார்.

எல்லாக் கிளப்புக்கும் ஒரே பிளேன் தேடுவதும் வீண் வேலை. நீளமான கிளப்பான டிரைவர் சுமார் 45 அங்குலம், குட்டையான 7 அயர்ன் (இரும்புத் தலைக் கிளப்) சுமார் 37. நீளம் கூடக்கூடப் பந்து தள்ளிப் போகும், வட்டம் படுத்துக்கொள்ளும். இதைக் கோணம் பிடித்துப் பழக வேண்டாம். சரியாக நின்றாலே தானாக நடக்கும். இந்த வித்தியாசமே தொல்லை என்று முடிவுகட்டியவர் அமெரிக்க ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ. அயர்ன்கள் எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வெட்டிக்கொண்டு 2020 யு.எஸ். ஓபனை வென்றார். நம் பையில் இருப்பது வழக்கமான செட் என்றால் அந்தக் கவலை நமக்கு எதற்கு?

இப்போது எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறுக்கு வருகிறேன்: செல்போன் வீடியோ. இன்றைக்குப் பிளேனைப் பற்றி நாம் எடுக்கும் முடிவுகளில் பெரும்பகுதி, பின்னாலிருந்து எடுத்த வீடியோவில் கோடு போட்டுப் பார்த்து எடுப்பவை. ஆனால் போனை எங்கே வைக்கிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. வழக்கமாகப் பந்துக்கு நேர் பின்னால் வைத்துவிடுகிறார்கள். கிளப் இடுப்பளவு வந்து தரைக்கு இணையாக நிற்கும் அந்தக் கணத்தில் கிளப் தலை கேமராவுக்குக் கிட்டத்தில் இருக்கும், கைகள் தள்ளி இருக்கும். கேமரா பந்துக் கோட்டில் இருந்தால், மிகச் சரியான டேக்அவேகூட (பேக்ஸ்விங்கின் தொடக்க அசைவு) கைகளுக்கு இடப்பக்கம், அதாவது ரொம்ப உள்ளே போனது போலத் தெரியும். குதிகாலுக்குப் பின்னால் வைத்தால் நேர் எதிர். நல்ல டேக்அவே வெளியே போனதாகக் காட்டும். போனைத் தரையில் பையில் சாய்த்து வைத்தாலோ ஸ்விங் உள்ளதைவிடச் செங்குத்தாகத் தெரியும்.

இதன் விளைவு என்ன ஆகும் பாருங்கள். நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தவர் வீடியோவைப் பார்த்து, "அடடா, உள்ளே இழுக்கிறேனே" என்று கிளப்பை வெளியே தள்ளி எடுக்க ஆரம்பிப்பார். அங்கிருந்து கீழே வர வழியில்லாமல் வலத்தோள் பந்தை நோக்கிப் பாயும். ஸ்லைஸ், அதாவது வலப்பக்கம் வளையும் அடி, பிறக்கும். இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டு வந்த நோய் இது. போனை ஸ்டாண்டில் பொருத்துங்கள். பந்துக்கு முன் நிற்கும்போது உங்கள் கைகள் இருக்கும் உயரத்தில், கைகளுக்கு நேர் பின்னால், இலக்குக் கோட்டுக்கு இணையாகப் பார்க்கும்படி வையுங்கள். தரையில் ஒரு அலைன்மென்ட் ஸ்டிக்கை (திசை காட்டும் குச்சியை) போட்டால் இணையா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் அதே இடம். இது செய்ய முடியாதென்றால் அந்த வீடியோவில் கோடு போடாமல் இருப்பதே நல்லது.

சரி, ஸ்லைஸ் நிஜமாகவே இருக்கிறது, டிவட் (கிளப் புல்லைப் பெயர்த்த தடம்) இடப்பக்கம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பிளேனில் கைவைப்பதற்கு முன் கிளப் முகத்தை, அதாவது பந்தில் படும் தட்டைப் பரப்பை, பாருங்கள். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் முகம்தான் தீர்மானிக்கிறது: அயர்னில் முக்கால் பங்கு, டிரைவரில் அதற்கும் மேல். கிரிப் பலவீனமாக இருந்து (கைகள் கிளப்பில் இடப்பக்கம் அதிகம் திரும்பியிருந்து) முகம் திறந்தே, அதாவது வலப்பக்கம் பார்த்தே, வந்தால் பந்து வலப்பக்கம் பறக்கும். நாலு முறை அப்படிப் போனதும் உடம்பு தானாகவே இடப்பக்கம் இழுத்து ஆடக் கற்றுக்கொள்ளும். அதாவது கோணலான பாதை பல பேரிடம் நோயே இல்லை, திறந்த முகத்தைச் சமாளிக்க உடம்பு கண்டுபிடித்த தந்திரம். முகத்தை அப்படியே விட்டுவிட்டுப் பாதையை மட்டும் திருத்தினால் பந்து பக்கத்து ஃபேர்வேக்குப் போகும். "புது ஸ்விங் நமக்கு ஒத்துவரவில்லை" என்று பழையதற்கே திரும்பிவிடுவார்கள். கிரிப் முதலில், பாதை அப்புறம்.

பாதைக்கு வந்தால், பந்துக்கு வெளிப்புறம், சற்றே பின்னால் ஒரு ஹெட்கவரை (கிளப் தலைக்குப் போடும் உறையை) வையுங்கள். இடுப்பளவு மட்டுமே போய் வரும் அரை ஸ்விங். வெளியிலிருந்து வந்தால் ஹெட்கவர் பறக்கும். காசில்லாத கோச். முழு ஸ்விங்கில், முழு வேகத்தில் இதைச் செய்யத் தொடங்குவதுதான் இதில் நடக்கும் தவறு. உடம்பு பழைய பழக்கத்துக்கே ஓடிப் போகும்.

கிளப்பை 'ஷாலோ' (இறங்கும்போது படுக்கையாக) செய்யச் சொல்லும் வீடியோக்களையும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ளிருந்து வருபவர் அதைப் பின்பற்றினால் கிளப் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். ஒரு பந்து ஹூக் (இடப்பக்கம் வளைவது), அடுத்தது வலப்பக்கம் நேராகத் தள்ளல், அதற்கடுத்தது பந்துக்குப் பின்னால் மண். உங்கள் டிவட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாமல் அந்த மருந்தைத் தொடாதீர்கள்.

லாஞ்ச் மானிட்டரில் (அடியை அளக்கும் கருவியில்) எண்களைப் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. வட்டம் சாய்ந்திருப்பதால், கிளப் கீழிறங்கும்போதே வெளிப்பக்கமாகவும் நகர்கிறது. வட்டத்தின் மிகத் தாழ்வான புள்ளியைத் தாண்டியதும் மேலே ஏறிக்கொண்டே உள்ளே திரும்புகிறது. பிளேன் 60 டிகிரி, அயர்ன் 4 டிகிரி கீழ்நோக்கி இறங்கிப் பந்தை அடிக்கிறது என்றால், கிளப்பின் பாதை வட்டத்தின் திசையைவிட 2 டிகிரிக்குச் சற்று அதிகமாக வலப்பக்கம் இருக்கும். பாதை நேராக வேண்டுமென்றால் வட்டம் கொஞ்சம் இடப்பக்கம் பார்த்தாக வேண்டும். டிரைவரை மேல்நோக்கி அடிப்பவர்களுக்கு இது தலைகீழ். ஆகவே டிவட் இம்மி இடப்பக்கம் பார்ப்பதைக் கண்டு பதற வேண்டாம்.

அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக்கைக் காட்டி "அவர் சுற்றி வளைத்து அடிக்கிறாரே" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். மேலே போகும்போது கிளப் எங்கோ வெளியே, செங்குத்தாகப் போய், திரும்பும்போது உள்ளே விழும். 2003-இல் யு.எஸ். ஓபன் வென்றார், 2016-இல் டிராவலர்ஸ் சாம்பியன்ஷிப்பில் ஒரு சுற்றை 58 அடிகளிலேயே முடித்தார். பந்துக்கு அருகே வரும்போது அவர் கிளப் மற்ற யாருடையதையும் போலச் சரியான இடத்தில் இருக்கிறது. பேக்ஸ்விங் அழகு பார்த்து மனம் உடைய வேண்டாம் என்பதற்கு அவர் நல்ல சாட்சி. அந்த வளையத்தை நாமும் சுழற்றலாம் என்பதற்கில்லை. சிறு வயதிலிருந்து அப்பாவிடம் கற்று வளர்ந்த ஸ்விங் அது.

சமதள ரேஞ்சில் பழகிய பிளேனை மலைச்சரிவுக்கும் கொண்டுபோவது கடைசித் தவறு. ஊட்டி, கொடைக்கானல் கோர்ஸ்களில் ஆடியவர்களுக்குத் தெரியும், கால் மட்டத்தில் பந்து கிடைப்பதே அதிர்ஷ்டம். பந்து பாதத்தைவிட உயரத்தில் இருந்தால் வட்டம் படுத்தே ஆக வேண்டும். வழக்கமான சாய்வை வற்புறுத்தினால் கிளப் பின்னாலேயே மண்ணைக் கொத்தும். கிரிப்பை ஓர் அங்குலம் கீழே பிடித்து, நிமிர்ந்து நின்று, பந்து இடப்பக்கம் இழுக்கும் என்பதால் இலக்குக்கு வலப்பக்கம் குறி வையுங்கள். பந்து தாழ்வாக இருந்தால் இடுப்பிலிருந்து கூடுதலாகக் குனிந்து, அடித்து முடிக்கும்வரை அந்தக் குனிவை விடாமல், இடப்பக்கம் குறி வைத்து, முக்கால் ஸ்விங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.