மேற்கோள்கள் சிதறாமல் பார்த்துக்கொள்வது: கொழும்புச் சமூக விஞ்ஞான ஆய்வாளர்களுக்கு

பதவியுயர்வு விண்ணப்பத்தை நிரப்பும் நாளில்தான் பலர் தங்கள் பெயரைத் தேடிப் பார்க்கிறார்கள். இருபது கட்டுரை எழுதியவருக்குத் தேடலில் பன்னிரண்டுதான் வரும். மீதி எட்டும் தொலையவில்லை. பிறர் அவற்றுக்குக் காட்டிய மேற்கோள்களோடு வேறு பெயரில் கிடக்கின்றன.

ஆகவே முதல் வேலை பெயர். செல்லத்துரை சிவஞானம் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். சிவஞானத்தை ஆங்கிலத்தில் ‘ஜிஎன்’ போட்டும் எழுதலாம், ‘என்ஜே’ போட்டும் எழுதலாம். கணினிக்கு இவர்கள் இருவர். இதைவிட மோசம், சஞ்சிகைப் படிவத்தின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தகப்பன் பெயரைப் போடுவது. பிறகு எல்லோரும் ‘செல்லத்துரை, எஸ்.’ என்று அப்பாவைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். குடும்பப் பெயர் கேட்டால் சொந்தப் பெயர், முதற்பெயர் கேட்டால் தகப்பன் பெயர், எப்போதும் ஒரே எழுத்துக்கூட்டல். நிறுவனப் பெயரும் அப்படியே: ஒரு கட்டுரையில் துறையை மட்டும், இன்னொன்றில் பல்கலைக்கழகத்தை மட்டும் எழுதாதீர்கள்.

அடுத்து ஓர்கிட், பெயரை எப்படி எழுதினாலும் ஆய்வாளரை ஓர் எண்ணால் அடையாளம் காட்டும் பதிவேடு. 2012 இல் தொடங்கிய இந்தப் பதிவு இலவசம். 16 இலக்க எண் ஒன்று தருவார்கள். ‘வேறு பெயர்கள்’ பகுதியில் பழைய எழுத்துக்கூட்டல்கள் அத்தனையையும், தமிழ் எழுத்திலுள்ள பெயரையும் சேருங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலும் கொடுங்கள். தற்காலிக விரிவுரையாளர் பதவி முடிந்து அந்த மின்னஞ்சல் மூடப்பட்டால், கணக்குக்குள் நுழைய வேறு வழி வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்கொலரில் கணக்குத் திறந்ததும் ‘இவை உங்களுடையவையா?’ என்று கட்டுரைக் கூட்டம் ஒன்றைக் காட்டும். அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் முதலெழுத்தும் பெயரும் உள்ள வைத்தியர் ஒருவரின் நீரிழிவுக் கட்டுரையும் அதில் வரலாம். தெரிவுக்குழு அதைக் கட்டாயம் கவனிக்கும். அமைப்புகளில், கட்டுரைகளைத் தானாகச் சேர்க்காமல் மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றிவிடுங்கள். ஒரே கட்டுரை இரண்டு தடவை இருந்தால் இரண்டையும் தெரிவுசெய்து ‘இணை’ என்பதை அழுத்துங்கள், மேற்கோள்கள் ஒன்றாகும். மாநாட்டுச் சுருக்கத்தையும் முழுக் கட்டுரையையும் மட்டும் இணைக்காதீர்கள், அவை வெவ்வேறு ஆக்கங்கள்.

எச்-சுட்டெண் 5 என்றால், குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஐந்து உண்டு என்று பொருள். அதைக் கையாலேயே கணிக்கலாம். மேற்கோள்களை இறங்குவரிசையில் எழுதுங்கள்: 21, 14, 9, 6, 5, 3. ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து உண்டு, ஆறாவதுக்கு ஆறு இல்லை. எனவே சுட்டெண் 5. ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் இதே ஆளுக்கு 2 என்று காட்டினாலும் பதற வேண்டாம். கொழும்பில் சமூக விஞ்ஞான ஆய்வின் பெரும்பகுதி நூலாகவும் நிறுவன அறிக்கையாகவும்தான் வெளிவருகிறது. ஸ்கொலர் அவற்றையும் ஆய்வேடுகளையும் எண்ணும். ஸ்கோபஸ் தான் தெரிவுசெய்த மூலங்களை மட்டும் எண்ணும். அங்கே நீங்களாகக் கட்டுரை சேர்க்க முடியாது. ஆனால் உங்கள் பெயரில் இரண்டு ஆசிரியர் பக்கங்கள் இருந்தால் ஒன்றாக்கும்படி இலவசமாகக் கேட்கலாம். விண்ணப்பத்தில் இரண்டு எண்ணையும் திகதியோடு எழுதுங்கள். திகதியில்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சிக்கல், பாமினி எழுத்துரு. அதில் தட்டச்சான பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்ற சொல்லை அதிலிருந்து நகலெடுத்து நோட்பேட்டில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று விழும். தேடுபொறி படிப்பதும் அதைத்தான். ஆகவே தமிழில் தேடினால் உங்கள் கட்டுரை அகப்படாது, அதன் உசாத்துணையில் நீங்கள் காட்டியவருக்கும் மேற்கோள் சேராது. உங்கள் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு வரியை இப்படி ஒட்டிப் பாருங்கள். குப்பையாக வந்தால் மூலக் கோப்பை யுனிகோடுக்கு மாற்றி, ந, ர, கொம்பு, அரவு எல்லாம் சரியா என்று பார்த்து, மறுபடி பிடிஎஃப் ஆக்குங்கள். ஸ்கொலருக்குக் கோப்பு 5 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். தலைப்பு முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில், கீழே ஆசிரியர் பெயர். ஸ்கான் செய்த படமாக மட்டும் இருந்தால் பயனில்லை. ஆங்கிலத் தலைப்பும் சுருக்கமும் கூடவே போடுங்கள்.

அறிக்கைக்கு டிஓஐ, அதாவது ஆவணத்துக்குரிய நிலையான இணைய அடையாள எண், இல்லையா? வெளியீட்டாளரிடம் எழுத்தில் அனுமதி பெற்று ஸெனோடோ என்ற இணைய ஆய்வுக் களஞ்சியத்தில் ஏற்றினால் இலவசமாகக் கிடைக்கும். பழைய தமிழ் நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளம் இருக்கிறது. வாசகர் தேடிப் போகும் இடம், ஆனால் டிஓஐக்கு மாற்றீடல்ல.

சஞ்சிகையைத் தெரிவுசெய்யும்போது ‘ஸ்கோபஸ்’ என்ற முத்திரையை நம்பாதீர்கள். ஸ்கோபஸின் மூலப்பட்டியலில் பெயரைத் தேடி, எந்த ஆண்டுவரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இடையில் நீக்கப்பட்ட சஞ்சிகையும் பழைய முத்திரையை முகப்பில் வைத்திருக்கும்.

கூட்டாய்வில் ஆசிரியர் வரிசையைக் களவேலைக்கு முன்பே மின்னஞ்சலில் எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குழுவோடு மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ நேர்காணல் எடுத்து, தமிழிலிருந்து மொழிபெயர்த்து, பதில்களைக் கருப்பொருள் வாரியாகக் குறியிட்டவர் கடைசியில் நன்றியுரையில் மட்டும் வருவது வழக்கமாகிப்போனது. நன்றியுரையை எந்தத் தளமும் மேற்கோளாக எண்ணாது. கிரெடிட் என்னும் பங்களிப்பு வகைப்பாட்டில் 14 வகைகள் உண்டு. தரவு சேகரிப்பு ‘ஆய்வு மேற்கொள்ளல்’ என்பதிலும், குறியிடுதல் ‘பகுப்பாய்வு’ என்பதிலும் அடங்கும். யார் எதைச் செய்வார் என்பதை அந்தப் பெயர்களிலேயே எழுதி, முதல் வரைவு முடிந்ததும் அதே மின்னஞ்சலின் கீழ் வரிசையை மீண்டும் உறுதிசெய்யுங்கள்.