கார் பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? காரணத்தைப் படிப்படியாகக் கண்டறியும் முறை

காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற ஓசை மட்டும் கேட்கிறது, செல்ஃப் எடுக்கவில்லை. இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்தால் கிளம்பிவிடுகிறது, ஆனால் ஓரிரு நாள் நிறுத்தி வைத்தால் மீண்டும் அதே நிலைதான். இத்தகைய நேரத்தில் பெரும்பாலோர் முதலில் செய்வது புது பேட்டரி வாங்குவது. பேட்டரியே பழுதாகியிருந்தால் அது சரியான தீர்வுதான். ஆல்டர்னேட்டர் (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்குக் கொடுக்கும் கருவி) ஒழுங்காகச் சார்ஜ் செய்யாமல் இருந்தாலோ, வண்டி நின்றிருக்கும்போது ஏதேனும் ஒரு கருவி மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருந்தாலோ, புது பேட்டரிக்கும் விரைவிலேயே அதே கதி நேரும். அதோடு, ஈய-அமில பேட்டரி முழுவதும் இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளின் மீது ஈய சல்பேட் இறுகிப் படிந்து, அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். ஆகவே ஜம்ப் ஸ்டார்ட்டை நம்பி நாளைக் கடத்தாமல் உடனே காரணத்தைத் தேடுவது நல்லது.

பேட்டரி சார்ஜைத் தாங்குகிறதா, ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏறுகிறதா, நிற்கும்போது யார் அதை உறிஞ்சுகிறார்கள் என்னும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், டெர்மினல் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், கம்பித் தூரிகை, கையுறை, கண்களைக் காக்கும் கண்ணாடி ஆகியவை போதும்.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். சிறு தீப்பொறியும் அதை வெடிக்கச் செய்யலாம். உள்ளே இருப்பது கந்தக அமிலம். மோதிரத்தையும் உலோகக் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். இணைப்புகளைக் கழற்றும்போது எப்போதும் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் மாட்டியிருக்கும் நிலையில் பாசிட்டிவ் நட்டைத் தளர்த்தும்போது ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுவிட்டால் நேரடி ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். ஹைப்ரிட் அல்லது மின்சார வண்டியாக இருந்தால் ஆரஞ்சு நிறக் கேபிள்களின் பக்கமே கையைக் கொண்டுபோக வேண்டாம்.

முதல் படி: டெர்மினல்கள்

போனட்டைத் திறந்ததும் இரண்டு டெர்மினல்களையும் உற்றுப் பாருங்கள். வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், அல்லது கேபிள் முனை கையால் திருகும்போதே அசைந்தால், பேட்டரி நன்றாக இருந்தும் மின்சாரம் சரியாகப் போய்ச் சேராது. கேபிள்களைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் பொடியைக் கழுவி (அந்த நீர் பேட்டரிக்குள் இறங்கிவிடக் கூடாது), கம்பித் தூரிகையால் ஈயம் பளிச்சிடும் வரை தேய்த்து, உலர்ந்த பின் இறுக மாட்டி, மேலே பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லப் பூசுங்கள். நெகட்டிவ் கேபிளின் மறுமுனை வண்டியின் உடலோடு சேரும் எர்த் இணைப்பையும் பாருங்கள். அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: பேட்டரியின் நிலை

வண்டி ஓடி நின்றவுடன் அளந்தால் மீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, நிறுத்தி வைத்த பிறகு மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பாசிட்டிவிலும் கறுப்பு முனையை நெகட்டிவிலும் தொடுங்கள். 12.6 வோல்ட் அல்லது சற்று மேல் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 ஏறத்தாழ முக்கால், 12.2 ஏறத்தாழ பாதி, 12.0-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி.

வோல்டேஜ் மட்டும் சரியாக இருப்பது போதாது. மீட்டரைத் தொட்டபடி வைத்திருந்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அந்த நொடியில் வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும். ஆனால் நிறைந்திருந்த பேட்டரி 9.6 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் அதன் உள்வலு போய்விட்டது என்று கொள்ளலாம். பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைத்திருந்தால் இதில் வியப்பில்லை. அப்படியானாலும் அடுத்த இரண்டு படிகளையும் முடித்துவிட்டே புதியதை வாங்குங்கள்.

மூன்றாம் படி: சார்ஜ் ஏறுகிறதா

என்ஜினை ஓடவிட்டு மீண்டும் பேட்டரி முனைகளில் அளந்தால், பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். முகப்பு விளக்கு, ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் போட்ட பிறகும் 13-க்கு மேலேயே நிற்க வேண்டும். என்ஜின் ஓடியும் 12.5 போன்ற அளவிலேயே இருந்தால் ஆல்டர்னேட்டரோ, அதன் பெல்ட்டோ, இடையிலுள்ள ஒயரோ பழுது. 15-ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிறது. அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் கணினியே சார்ஜைக் கட்டுப்படுத்துவதால், பேட்டரி நிறைந்த பின் இந்த அளவு குறைவது இயல்பு.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, ஓடும் வண்டியில் பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்போது திடீரென எழும் உயர் வோல்டேஜ் வண்டியின் மின்னணுப் பாகங்களை ஒரே நொடியில் பழுதாக்கிவிடக் கூடும்.

நான்காம் படி: நிற்கும்போது நடக்கும் கசிவு

முதல் மூன்றும் சரியாக இருந்தும் பேட்டரி இறங்கினால், காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். கடிகாரம், அலாரம், கணினியின் நினைவகம் ஆகியவற்றுக்காக எந்த வண்டியும் சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொண்டுதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை கவலை இல்லை. 45 ஆம்பியர்-மணி பேட்டரியை அந்த அளவு காலி செய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அணையாமல் எரியும் 5 வாட் டிக்கி விளக்கு ஒன்று ஏறத்தாழ 400 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஐந்தே நாளில் அதே பேட்டரியை வற்றவைத்துவிடும், அதற்கு வெகு முன்பே செல்ஃப் எடுக்காமல் போய்விடும்.

அளக்கும் முறை இதுதான். இக்னிஷனை அணைத்துச் சாவியை வெளியே எடுத்துவிடுங்கள். சாவியில்லாமல் திறக்கும் வண்டியானால் சாவியைத் தொலைவில் வையுங்கள். ஃபியூஸ் பெட்டியை எட்டுவதற்காகக் கதவைத் திறந்து வைக்க நேர்ந்தால், கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, மூடியிருப்பதுபோல் ஆக்குங்கள். (வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும்.) மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, சிவப்பு முனையைக் கேபிளிலும் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் உறுதியாகப் பொருத்துங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடிக்கவோ இக்னிஷனைப் போடவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

முதலில் தெரியும் பெரிய எண்ணைக் கண்டு பதற வேண்டாம். வண்டியின் கணினிகள் உறக்க நிலைக்குப் போக 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை காத்திருக்கும் பொறுமை இல்லாததால்தான் இந்தச் சோதனை பலருக்குத் தவறான விடையைத் தருகிறது. அளவு நிலைத்த பிறகும் 50 மில்லி ஆம்பியரை (அதாவது 0.05 ஆம்பியரை) வெகுவாகத் தாண்டியிருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது எண் சட்டென்று இறங்குகிறது என்று பாருங்கள். அந்த ஃபியூஸ் எந்தெந்தக் கருவிகளுக்கானது என்பது பெட்டியின் மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும்.

ஃபியூஸைக் கழற்றி மாட்டும்போது உறங்கிய கணினி விழித்துக்கொள்வதும் உண்டு. அதைத் தவிர்க்க, நெகட்டிவ் கேபிளை மாட்டிவிட்டு, வண்டி மீண்டும் உறங்கிய பின், இன்னொரு வழியைக் கையாளலாம். சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றி, மீட்டரை மில்லி வோல்ட் அளவில் வைத்து, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் முனைகளால் தொடுங்கள். சுழி காட்டினால் அதன் வழியே மின்சாரம் போகவில்லை. சிறு எண் தெரிந்தாலும் போகிறது. எனக்கு இந்த முறைதான் மிகவும் பிடித்தமானது.

பெரும்பாலும் அகப்படுபவை, பிறகு பொருத்திய பாகங்களே: இக்னிஷன் ஒயரில் சேர்க்காமல் நேரடி இணைப்பில் கொடுத்த மியூசிக் சிஸ்டம், டேஷ் கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர், ஆம்ப்ளிஃபையர். அடுத்து அணையாத டிக்கி விளக்கும், ஒட்டிக்கொண்ட ரிலேவும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). எல்லா ஃபியூஸையும் கழற்றியும் கசிவு குறையாவிட்டால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) பழுதாகியிருக்கக் கூடும்; சார்ஜ் சரியாக ஏறும்போதே இது நிகழலாம். அங்கிருந்து ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ஒப்படைத்து, நீங்கள் அளந்த எண்களை எழுதிக் கொடுங்கள். அவருடைய தேடலில் பாதி அப்போதே முடிந்துவிடும்.

எந்தக் குறையும் தென்படாவிட்டால் வண்டியின் ஓட்டத்தைக் கணக்கில் எடுங்கள். தினமும் ஐந்து நிமிட ஓட்டம் மட்டுமே என்றால், செல்ஃபுக்குச் செலவான மின்சாரம் திரும்பி ஏற நேரம் இருக்காது.

பழுதைச் சரிசெய்ததும், இறங்கிய பேட்டரியை நிரப்பும் பொறுப்பை ஆல்டர்னேட்டரிடம் விடாமல், சார்ஜரில் கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 45 ஆம்பியர்-மணிக்கு 4.5 ஆம்பியரில், முழுமையாகச் சார்ஜ் செய்யுங்கள். ஓர் இரவு விட்டு அளவைக் குறித்துக்கொண்டு, வண்டியை எடுக்காமல் மேலும் இரண்டு நாள் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டாவது முறையும் 12.5-க்குக் குறையாமல் இருந்தால் கசிவு நின்றுவிட்டது. மூடியிருந்த ஃபியூஸ் பெட்டியை மறுபடி திறக்க வேண்டியதில்லை.