படர்தாமரை: ஈரத்தை விரட்டாமல் எந்த மருந்தும் பிடிக்காது

சென்னைப் புழுக்கத்தில் வியர்வை லேசில் காயாது. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வளரும் படர்தாமரைப் பூஞ்சைக்கு வேண்டியது அந்த ஈரம்தான். அதனால்தான் தொடை இடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழே, பெல்ட் அழுத்தும் இடுப்பு என்று பார்த்துப் பார்த்து வருகிறது.

காசு போல வட்டம், நடுவில் தெளிந்த தோல், ஓரம் சிவந்து தடித்துச் செதில் உதிர்ந்தால் படர்தாமரை. ஓரத்தை விரலால் வருடினால் சொரசொரக்கும். அரிப்பு அதிகம் இல்லாமல் வெளிறிய திட்டாக இருப்பது பெரும்பாலும் தேமல்; அது வேறு பூஞ்சை.

முதல் வைத்தியம் குளியல். காலை, மாலை இருவேளையும் சாதாரண சோப்புப் போட்டுக் குளியுங்கள். நார் போட்டுத் தேய்க்காதீர்கள்; தோல் கீறினால் பரவும். துண்டால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் ஐந்து நிமிடம் நின்று முழுக்கக் காய்ந்த பிறகு உடுத்துங்கள். அரைஞாண் கயிற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும் அந்தக் கயிற்றில் பூஞ்சை தங்கி, ஆறிய இடத்தில் மறுபடி கிளம்பும். குணமாகும்வரை கழற்றி வையுங்கள்.

வீட்டு மருந்தில் சீமை அகத்திக்குத்தான் முதலிடம். மெழுகுவத்தி போல மஞ்சள் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும் செடி. வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். பத்துப் பச்சை இலையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு மைய அரைத்து, வட்டத்துக்கு வெளியே இரண்டு செ.மீ. வரை பூசி, 20 நிமிடம் கழித்துக் கழுவுங்கள். முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் தடவி, எரிச்சல் வருகிறதா என்று பாருங்கள். இலை கிடைக்காவிட்டால், பாரிமுனை பக்கம் ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாகக் கேட்டுப் பாருங்கள்.

பச்சைப் பூண்டு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் மூன்றும் வேண்டவே வேண்டாம். தோல் வெந்து புண்ணாகும். தேங்காய் எண்ணெயும் தொடை இடுக்கில் வழியும்படி பூசினால் ஈரத்தை அடைத்துவிடும்.

இலை மருந்து சிறிய, புதிய வட்டத்துக்கு மட்டும் போதலாம். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் ஒரு சதவீத குளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்கொல்லி க்ரீமை நாளுக்கு இருமுறை தடவுங்கள். அரிப்பு நின்றவுடன் நிறுத்துவதுதான் பெரிய தப்பு. தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும்.

கடையில் வாங்கும்போது டியூபைத் திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், ஆனால் பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் இரண்டு பங்காகத் திரும்பும். தோலும் மெலிந்து கோடு விழும்.

துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பைத் தனியாக வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி மொட்டை மாடி வெயிலில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி வீட்டுக்குள் காயும் நாட்களில், தையல் ஓரங்களை அயர்ன் பண்ணிப் போடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் சேர்ந்தே வைத்தியம் செய்யுங்கள். தனித்தனியாகச் செய்தால் மாறி மாறித் தொற்றும்.

தலையிலோ நகத்திலோ வந்தால் பூச்சு மருந்து எட்டாது, மாத்திரை தேவை. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், ஸ்டீராய்டு க்ரீம் ஏற்கெனவே பூசியவர்கள் வீட்டில் காத்திருக்காமல் தோல் டாக்டரைப் பாருங்கள். சென்ட்ரல் ரயில் நிலையம் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையிலும் (ஜி.ஹெச்.) தோல் பிரிவு உண்டு. போகும்போது பூசிய டியூப்களை எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள்.