வலென்சியா மெட்ரோ: வழக்கமாக நடக்கும் தவறுகள்

ஸ்பெயினில் உள்ள வலென்சியாவுக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, அங்கே ஓடும் மெட்ரோவைச் சென்னை மெட்ரோ மாதிரி நினைத்துக்கொள்வதுதான். நகரத்துக்கென்று புதிதாகப் போட்ட பாதை அல்ல அது. ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே ஊர் ஊராக நின்று போன பழைய மீட்டர்கேஜ் ரயில். உள்ளூரில் அதற்கு 'த்ரெனெத்' என்று பெயர். குட்டி ரயில் என்று அர்த்தம். தாம்பரம் போக மீட்டர்கேஜ் மின்ரயில் ஏறிய தலைமுறைக்கு அந்தத் தண்டவாள அகலம் நன்றாகவே தெரியும்.

மத்திய அரசு நடத்திவந்த அந்தப் பாதைகளை 1987 ஜனவரி முதல் வலென்சியா தன்னாட்சி அரசின் எஃப்ஜிவி நிறுவனம் நடத்துகிறது. 1988-இல் நகரத்துக்கு அடியில் சுரங்கம் திறந்து, வடக்குப் பாதைகளையும் தெற்குப் பாதையையும் இணைத்தார்கள். மெட்ரோ பிறந்தது அப்படித்தான். அதனால் நகர மையத்தில் அடுத்தடுத்து வண்டி வரும். கடைக்கோடி ஊர்களுக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். ஊர்ப்புறம் போவதாக இருந்தால் கால அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

அடுத்தது பெயர்க் குழப்பம். மெட்ரோ வரைபடத்தில் 'அலகாந்த்' என்று ஒரு நிலையம் இருக்கிறது. அலிகாந்தே நகரத்துக்கு வலென்சிய மொழியில் அதுதான் பெயர். ஆனால் இந்த நிலையம் வலென்சியாவின் நடுவிலேயே, அதே பெயருள்ள தெருவில் இருக்கிறது. 2022-இல் வந்த 10-ஆம் எண் டிராம் அங்கிருந்துதான் புறப்படுகிறது. உண்மையான அலிகாந்தே சுமார் 170 கிலோமீட்டர் தெற்கே. பக்கத்தில் உள்ள 'ஷாத்திவா' நிலையமும் அப்படித்தான்: கோட்டைக்குப் பேர்போன ஷாத்திவா ஊருக்குப் போக வேண்டுமென்றால் தேசிய ரயில்வேயான ரென்ஃபே வண்டியில் ஏற வேண்டும். 1-ஆம் பாதையின் தெற்கு முனையான 'காஸ்தெல்யோ' ஒரு சிற்றூர். அதே பெயரில் தொடங்கும் காஸ்தெல்யோ தெ லா பிளானா என்ற மாவட்டத் தலைநகரமோ வலென்சியாவுக்கு வடக்கே இருக்கிறது. நேர் எதிர்த்திசை!

நிறத்தையும் எண்ணையும் மட்டும் பார்த்து ஏறுவதும் தவறு. நகரத்துக்குள் 1, 2 இரண்டு பாதைகளுக்கும் தண்டவாளம் ஒன்றுதான். வடக்கே எம்பால்மே நிலையத்தைத் தாண்டியதும் ஒன்று பேதெராவுக்கும் மற்றது லியீரியாவுக்கும் பிரிகின்றன. 'எம்பால்மே' என்றாலே சந்திப்பு என்றுதான் பொருள். நம் ஊரில் விழுப்புரத்தில் இறங்கி அடுத்த வண்டி பார்ப்பது போல, இங்கே நடைமேடையில் நின்று வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் முனைய ஊரைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

டிக்கெட் விஷயம் எளிது. மெட்ரோவில் வெளியே வரவும் டிக்கெட்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும். அதனால் உள்ளே வந்ததும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். விமான நிலையத்துக்கு நகர மண்டல டிக்கெட் போதாது. டிராம் நிறுத்தங்களில் நுழைவுக் கதவே கிடையாது என்பதால் நடைமேடையில் உள்ள கருவியில் பதிவு செய்வதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், அலிகாந்தேயில் ஓடும் டிராமும் எஃப்ஜிவியுடையதுதான். ஒரே நிறுவனம் என்பதால் வலென்சியாவிலிருந்து கடலோரமாகவே அதில் போய்விடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். முடியாது. காந்தியா, டேனியா ஊர்களுக்கு இடையே ஓடிய ரயில் 1974-இல் நின்றுவிட்டது. காந்தியா வரை ரென்ஃபே, அங்கிருந்து டேனியாவுக்குப் பேருந்து என்றுதான் போக வேண்டும். டேனியாவிலிருந்து அலிகாந்தே டிராமில் தெற்கே வரும்போதும் பெனிடார்மில் வண்டி மாற வேண்டும். அதற்கு வடக்கே 9-ஆம் பாதையில் மின்கம்பி இல்லை.

பழைய வரைபடத்தை நம்புவதும் ஆபத்து. 2024 அக்டோபர் 29 வெள்ளம் பைபோர்த்தா, பிகான்யா பக்கத்துத் தண்டவாளங்களை அடித்துக்கொண்டு போனது. சேவைகள் படிப்படியாகத்தான் திரும்பின.

கடைசித் தவறு பயணத்தைப் பற்றியது அல்ல, பேச்சைப் பற்றியது. 2006 ஜூலை 3 அன்று ஹெசூஸ் நிலையத்துக்குப் பக்கத்து வளைவில் 1-ஆம் பாதை வண்டி தடம்புரண்டு 43 பேர் இறந்தார்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் வண்டி 80-இல் போனது. 'ஓட்டுநர் வேகமாக ஓட்டினார்' என்று பலரும் இன்னும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஓட்டுநரும் அதில் இறந்துபோனார். பதில் சொல்ல அவர் இல்லை. வேகம் மீறினால் வண்டியைத் தானாக நிறுத்தும் கருவி அந்த வளைவில் பொருத்தப்பட்டிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இறந்தவர்களின் குடும்பங்கள் மாதந்தோறும் 3-ஆம் தேதி கதீட்ரல் பக்கத்துச் சதுக்கத்தில் கூடி நின்று கேட்டது அதைத்தான். 2020 ஜனவரியில், பதின்மூன்றரை ஆண்டுகள் கழித்து, நிறுவனத்தின் முன்னாள் அதிகாரிகள் நான்கு பேர் நீதிமன்றத்தில் தங்கள் பொறுப்பை ஒப்புக்கொண்டார்கள்.