பிள்ளைக்கு 'இங்கிலிஷ் லேர்னர்' முத்திரை விழுந்தால் என்ன செய்வது: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு

ஆகஸ்ட் வந்தால் போதும், பே ஏரியா, டாலஸ், எடிசன் என்று எந்த ஊர் வாட்ஸாப் குழுவிலும் இந்தக் கேள்வி வந்துவிடும். "ஸ்கூல் ஃபார்ம்ல வீட்ல என்ன மொழி பேசுறீங்கன்னு கேக்குறாங்க, தமிழ்னு போடலாமா?" உடனே நாலு பேர் பதில் போடுவார்கள்: "போடாதீங்க, எல்லாத்துக்கும் இங்கிலிஷ்னே போடுங்க, இல்லன்னா ஈஎஸ்எல்-ல தள்ளிடுவாங்க, அப்புறம் வெளிய வரவே முடியாது." ஈஎஸ்எல் என்பது ஆங்கிலம் போதாத பிள்ளைகளுக்கான உதவி வகுப்பு, அப்படிப்பட்ட பிள்ளை என்று பள்ளி பதிவு செய்வதுதான் 'இங்கிலிஷ் லேர்னர்' (ஆங்கிலம் கற்பவர்) முத்திரை. அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இந்த ஆலோசனை இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் பொய் எழுதாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். உள்ளே போனபிறகு பள்ளியை எப்படிக் கண்காணிப்பது, எப்போது வெளியே கொண்டுவருவது என்று தெரிந்திருந்தால் அந்த முத்திரைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

முதலில் படிவம். கலிஃபோர்னியாவில் நான்கு கேள்விகள்: பிள்ளை பேசத் தொடங்கியபோது கற்ற மொழி எது, வீட்டில் பிள்ளை அதிகம் பேசும் மொழி எது, நீங்கள் பிள்ளையிடம் அதிகம் பேசும் மொழி எது, வீட்டிலுள்ள பெரியவர்கள் தங்களுக்குள் பேசும் மொழி எது. முதல் மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆங்கிலம் அல்லாத மொழியைப் போட்டால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் சோதனை உண்டு. நான்காவதற்கு மட்டும் தமிழ் என்றால் சோதனை வைப்பதா வேண்டாமா என்பது பள்ளியின் முடிவு. மற்ற மாநிலங்களில் கேள்விகளின் வாசகம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். இரண்டு வயதிலிருந்து டேகேரில் வளர்ந்து, நீங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளையா? இரண்டாவது கேள்விக்கு இங்கிலிஷ் என்று போடுவதுதான் உண்மை, தமிழ்ப் பற்றுக்காக மாற்றி எழுத வேண்டாம். ஐந்து வயது வரை தாத்தா பாட்டியோடு வீட்டிலேயே இருந்த பிள்ளை என்றால் தமிழ் என்றே போடுங்கள். ஆங்கிலம் புரியாமல் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைக்குத்தான் உதவி வேண்டும், படிவத்தில் இங்கிலிஷ் என்று போட்டால் அந்த உதவி அதற்கு வராமலே போகலாம். எதுவானாலும் சோதனைக்கு முன்பே யோசித்து நிரப்புங்கள். சோதனை முடிந்தபின் படிவத்தைத் திருத்தினாலும் முத்திரை தானாகப் போய்விடாது.

சோதனைக்குக் கலிஃபோர்னியாவில் எல்பாக் என்று பெயர். பள்ளியில் சேர்ந்து 30 நாட்களுக்குள் முதல் சோதனை வைக்க வேண்டும். நியூ ஜெர்சி உட்படப் பல மாநிலங்களில் 'விடா' சோதனைகள், டெக்சஸில் ஆண்டுதோறும் டெல்பாஸ். இதற்கு டியூஷன் எதுவும் தேவையில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள்: சின்ன வகுப்புகளில் முன்பின் தெரியாத ஒருவர் தனியாக உட்காரவைத்து, படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பார். நம் வீடுகளில் புது ஆளைப் பார்த்தால் அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் நிறைய. அந்தக் கூச்சத்தைச் சோதனை மொழிக் குறைவாகத்தான் கணக்கெடுக்கும். "ஒரு டீச்சர் உன்கிட்ட பேசுவாங்க, தெரிஞ்சதைச் சொல்லு, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும். கலிஃபோர்னியாவில் கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பான டி.கே.-யில் இருக்கும் நாலு வயதுப் பிள்ளைகளுக்கும் கிண்டர்கார்டனுக்கான சோதனையையே வைத்துக்கொண்டிருந்தார்கள், வயதுக்குப் பொருந்தாத சோதனை என்று பலரும் சண்டை போட்டு 2024-ல் சட்டத்தையே மாற்றினார்கள். முடிவு தப்பு என்று உங்களுக்கும் வகுப்பாசிரியருக்கும் தோன்றினால் மறுபரிசீலனை கேட்டு எழுத்தில் கொடுங்கள். வாசலில் நின்று வாயால் சொன்னதை யாரும் பதிவு செய்ய மாட்டார்கள்.

கடிதம் வந்த பிறகு

முத்திரை விழுந்தால் பள்ளி உங்களுக்குக் கடிதம் அனுப்பியாக வேண்டும். பள்ளி ஆண்டு தொடங்கி 30 நாட்களுக்குள், நடுவில் சேர்ந்திருந்தால் இரண்டு வாரத்துக்குள். பலர் அதைக் கையெழுத்துப் போட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் ஆசிரியரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி: என் பிள்ளையை எந்த வகுப்பிலிருந்து கூட்டிப்போகிறீர்கள்? கணக்குப் பாடம் நடக்கும்போது வெளியே கூட்டிப்போய் இங்கிலிஷ் சொல்லிக்கொடுத்தால் ஒரு வருடத்தில் கணக்கிலும் பின்தங்கும், அப்புறம் இரண்டு பிரச்சினை ஆகிவிடும். அடுத்து, வாரத்துக்கு எத்தனை நிமிடம், சொல்லிக்கொடுப்பவர் இதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியரா அல்லது உதவியாளரா, போன வருடம் இந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் முத்திரையிலிருந்து வெளியே வந்தார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் பள்ளியின் மேல் கொஞ்சம் கண் வைத்திருப்பது நல்லது.

இந்த உதவி வகுப்பு வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மறுத்தாலும் முத்திரை போகாது, வருடாவருடம் சோதனையும் நிற்காது. உதவியை மட்டும் இழந்து மீதி எல்லாவற்றையும் வைத்துக்கொள்வீர்கள். வகுப்பு உண்மையிலேயே மோசமாக இருந்தால் ஒழிய நான் இதைச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, உங்களுக்கே ஆங்கிலம் சரளமில்லை என்றால் பள்ளி முக்கியமான தகவல்களை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். மூத்த பிள்ளையை நடுவில் உட்காரவைத்துப் பேசச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

வீட்டில் இங்கிலிஷ் பேசுங்கள் என்று யாராவது சொன்னால்

சில ஆசிரியர்கள் நல்ல மனசோடுதான் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், செய்யாதீர்கள். உங்களுக்கு எந்த மொழியில் கதை சொல்ல வருமோ, திட்ட வருமோ, ஏன் மழை பெய்கிறது என்று விளக்க வருமோ அந்த மொழியில்தான் பிள்ளையின் சொல்வளம் வளரும். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் "ஈட், கோ, ஸ்லீப்" என்று முடித்துக்கொண்டால் இரண்டு மொழியும் இல்லாமல் போகும். தமிழில் ஒன்றைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அதற்கான ஆங்கிலச் சொல் மட்டும்தான் பாக்கி. தமிழில் வாசிக்கவும் பழக்கினால் இன்னும் நல்லது. வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது இருமொழித் திறனுக்கான அரசு அங்கீகாரத்தை ('சீல் ஆஃப் பைலிட்டரசி') தமிழுக்காக வாங்குகிறார்கள். கலிஃபோர்னியா ஆரம்பித்த திட்டம் அது, இப்போது நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஐந்து வயதில் குறையாக எழுதப்பட்ட அதே தமிழுக்குப் பதினெட்டு வயதில் பட்டம் தருகிறார்கள், வேடிக்கைதான்.

ஊர் சண்டை எதைப் பற்றி

பள்ளி வாரியக் கூட்டத்துக்கு ஒருமுறை போனாலே தெரியும், ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கு எந்த மொழியில், எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது ஐம்பது வருடச் சண்டை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சுமார் 1,800 சீனப் பிள்ளைகளுக்கு எந்தத் தனி உதவியும் தராமல் வகுப்பில் உட்காரவைத்திருந்தார்கள். அந்த லாவ் வழக்கில் 1974-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டால் மட்டும் சமத்துவம் ஆகிவிடாது. உதவி தர வேண்டும் என்று சொன்ன நீதிமன்றம், எந்த முறையில் தருவது என்பதைச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் எல்லாச் சண்டையும் புகுந்தது. 1998-ல் ரான் அன்ஸ் என்ற சிலிக்கான் பள்ளத்தாக்குத் தொழிலதிபர் மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்த 227-வது முன்மொழிவுக்குக் கலிஃபோர்னியாவில் சுமார் 61 சதவீத வாக்கு விழுந்தது. பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடம், அதிலும் தனி வகுப்பு வழக்கமாக ஒரு வருடத்துக்கு மேல் கூடாது என்றது அது. அரிசோனா 2000-லும் மாசசூசெட்ஸ் 2002-லும் பின்னாலேயே போயின. அரிசோனா ஒரு படி மேலே போய்த் தினம் நான்கு மணி நேரம் இந்தப் பிள்ளைகளை இங்கிலிஷுக்கென்றே பிரித்து வைத்தது, அப்புறம் 2019-ல் அதைப் பாதியாகக் குறைத்தது. கலிஃபோர்னியாவே 2016-ல் 58-வது முன்மொழிவின் மூலம், 70 சதவீதத்துக்கும் மேல் ஆதரவோடு, 227-இன் பெரும்பகுதியைத் தூக்கிப்போட்டது. மாசசூசெட்ஸும் 2017-ல் இறங்கி வந்தது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 227-ஐப் பற்றி ஐந்து வருடம் நடத்தப்பட்டு 2006-ல் வந்த மதிப்பீடு, எந்த ஒரு முறையும் தெளிவாக ஜெயித்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. போர்ட்லண்டில் இருமொழி வகுப்புகளுக்கு (ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் பாடம் நடத்தும் வகுப்புகள்) குலுக்கல் முறையில் இடம் கொடுத்ததால் ஒப்பிட நல்ல வாய்ப்புக் கிடைத்தது. இடம் கிடைத்த பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் ஆங்கில வாசிப்பில் மற்றவர்களைவிடச் சுமார் ஒன்பது மாதம் முன்னால் இருந்தார்கள். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை பார்த்ததில், இருமொழி வகுப்பில் இருந்தவர்கள் ஆரம்பத்தில் முத்திரையிலிருந்து மெதுவாகத்தான் வெளியே வந்தார்கள், கடைசியில் வெளியே வந்தவர்கள் எண்ணிக்கை அவர்களில்தான் அதிகம். மூன்றாம் வகுப்பில் கணக்கெடுத்தால் ஒரு கட்சி ஜெயிக்கும், பன்னிரண்டில் எடுத்தால் மற்றது. யாராவது புள்ளிவிவரம் நீட்டினால் எந்த வகுப்பில் எடுத்தது என்று கேளுங்கள்.

இங்கே நம்மவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. "எங்க பையன் ஆறே மாசத்துல பேசிட்டான், இவங்களுக்கு எதுக்கு இத்தனை வருஷம்?" என்று கூட்டத்தில் சொல்பவர்கள் உண்டு. அப்பாவும் அம்மாவும் ஐ.டி. வேலையில் இருக்கும், அலமாரி நிறையப் புத்தகம் உள்ள வீட்டையும், சாலினாஸில் கீரை பறித்துவிட்டு இரவு வரும் பெற்றோரின் வீட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நாட்டில் இந்த முத்திரை உள்ள பிள்ளைகள் சுமார் 50 லட்சம் பேர், நாலில் மூன்று பேர் ஸ்பானிஷ் வீடுகள். அதோடு விளையாட்டு மைதானத்தில் பேசும் ஆங்கிலம் வேறு, அறிவியல் பாடத்தைப் படித்துப் பதில் எழுதும் ஆங்கிலம் வேறு. முதலாவதற்கு மூன்று முதல் ஐந்து வருடம், இரண்டாவதற்கு நான்கு முதல் ஏழு வருடம் என்பது 2000-ல் கென்ஜி ஹக்குடா என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் சொன்ன கணக்கு. உங்கள் பையனுக்கும் இரண்டாவது இன்னும் வந்திருக்காது, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2025 மார்ச்சில் ஆங்கிலத்தை நாட்டின் அதிகாரபூர்வ மொழியாக அறிவித்து டிரம்ப் ஆணை போட்டதும், இனி இந்த வகுப்பெல்லாம் போய்விடுமா என்று குழுக்களில் கேட்டார்கள். லாவ் தீர்ப்பும், 1974-இன் சமக் கல்வி வாய்ப்புச் சட்டமும் அந்த ஆணையால் ரத்தாகவில்லை. பள்ளியில் யாராவது ஆணையைக் காட்டி உதவியைக் குறைத்தால் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

வெளியே கொண்டுவருவது

மறக்காமல் செய்ய வேண்டியது இதுதான். வருடாவருடம் வரும் மதிப்பெண் தாளை ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். கலிஃபோர்னியாவில் வெளியே வர நான்கு விஷயம் பார்ப்பார்கள்: எல்பாக்கில் நான்காம் நிலை, ஆசிரியர் மதிப்பீடு, பெற்றோர் கருத்து, அடிப்படைத் திறனில் அந்த வகுப்புக்குரிய தரம். மூன்றாவது நீங்கள்தான், கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள். பேசுவதிலும் கேட்பதிலும் முழு மதிப்பெண் வாங்கி, எழுத்தில் மட்டும் வருடக்கணக்காகச் சிக்கிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய. அப்படியென்றால் எழுத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். நடுநிலைப் பள்ளிக்கு முத்திரையோடு போனால் இசையோ கணினியோ எடுக்க வேண்டிய நேரத்தில் கூடுதல் இங்கிலிஷ் வகுப்பு வந்து உட்காரும், அதனால் நாலாம் வகுப்பிலேயே நெருக்குங்கள். பேச்சே தாமதமாக இருக்கிறது, தமிழிலும் வார்த்தை வரவில்லை என்றால் அது வேறு விஷயம். "முதல்ல இங்கிலிஷ் வரட்டும்" என்று தள்ளிப்போட விடாதீர்கள், சிறப்புக் கல்வி மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள், இரண்டு உதவியும் ஒரே சமயத்தில் பெறலாம். வெளியே வந்தபிறகும் நான்கு வருடம் பள்ளி கவனிக்க வேண்டும்.

கூட்டத்தில் பேசப் போகிறீர்கள் என்றால்

இந்த முத்திரை உள்ள பிள்ளைகள் 21 பேர் இருந்தாலே கலிஃபோர்னியாப் பள்ளியில் ஈலாக் என்ற பெற்றோர் குழு இருக்க வேண்டும், மாவட்டத்தில் 51 பேர் என்றால் டெலாக். நம்மவர்கள் அங்கே எட்டிப்பார்ப்பதே இல்லை. வாரியக் கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்பே வெளியாகும், அதில் தலைப்பைப் பார்த்துப் போங்கள். உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான், வரலாறு பேச நேரமில்லை. 1981-இல் டெக்சஸிலிருந்து வந்த காஸ்டன்யேடா வழக்கில் நீதிமன்றம் வைத்த மூன்று கேள்விகளை அப்படியே கேட்டுவிட்டு உட்காருங்கள்: இந்தத் திட்டத்துக்குக் கல்வியாளர்கள் ஏற்கும் அடிப்படை என்ன, அதை நடத்த ஆளும் பணமும் ஒதுக்கியிருக்கிறீர்களா, பலன் தராவிட்டால் மாற்றுவீர்களா. இருமொழி வகுப்பை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் அம்மாவோ மாமியாரோ பேச விரும்பினால் தமிழிலேயே பேசட்டும். மொழிபெயர்ப்பாளரோடு பேசுபவருக்கு, உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இல்லாத கூட்டத்தில், இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. வாரியச் செயலாளருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டுச் சொல்லிவிடுங்கள், அங்கே போய் வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.