நரம்பு வலியை டாக்டரிடம் எப்படிச் சொல்வது

காயம் ஆறி மாதக்கணக்கில் ஆகியும் போர்வை பட்டாலே எரிகிறதா? அது மனப்பிரமை இல்லை. அடிபட்ட நரம்பைச் சுற்றி நோய் எதிர்ப்பு செல்கள் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்கள் என்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன, தண்டுவடத்தில் இருக்கும் மைக்ரோக்ளியா என்ற நோய் எதிர்ப்பு செல்களும் சேர்ந்துகொள்ள, சின்னத் தொடுதலே வலியாக மூளைக்குப் போய்ச் சேர்கிறது. அதனால் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எரிச்சலா, ஷாக் அடிப்பதுபோலா, மரத்துப்போகிறதா, எந்த நேரத்தில் என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போங்கள். பஞ்சால் வலிக்கும் பக்கத்திலும் மறுபக்கத்தில் அதே இடத்திலும் மெதுவாகத் தடவி வித்தியாசம் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஐபுப்ரோஃபென் என்ற சாதாரண வலி மாத்திரை இந்த வலிக்குப் பெரும்பாலும் எடுபடாது. நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபலின், டுலாக்ஸெடின் மருந்துகளைப் பற்றிக் கேளுங்கள், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், திடீரென்று கால் பலவீனமானாலோ சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ குறிப்பெல்லாம் வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.